நாற்பதுக்குள் மாதவிடாய் நின்றால்

முப்பத்து நாலு வயதுப் பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதமாகத் தள்ளிப்போனால், முதலில் மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனைக் குச்சி வாங்குவார். ஒரே கோடு. அடுத்த மாதமும் ஒரே கோடு. அதற்குள் வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கும். கல்யாணமாகிக் குழந்தை இல்லாதவர் என்றால் மாமியார் முகம் மாறும். கல்யாணமாகாதவர் என்றால், "வெளிய யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று தாயார் வாயை அடைப்பார். ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவர் என்றால், "விடு, மாசாமாசம் தொல்லை விட்டுச்சு" என்று அக்கம்பக்கத்து அக்காமார்களே ஆறுதல் சொல்லிவிடுவார்கள்.

கோலாலம்பூரின் செந்தூலிலும் ஈப்போ ரோடு பக்கமும் இருந்து வரும் கேள்விகளில் இந்த மூன்று வீடுகளும் மாறி மாறி வருகின்றன. மூவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாற்பது வயதுக்குள் மாதவிடாய் நிற்பது பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் அல்ல. உங்கள் எலும்பு, இதயம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே நின்றுபோகிறது. அதை மருந்தாக ஈடுசெய்ய முடியும், ஈடுசெய்யவும் வேண்டும். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மருத்துவரிடம் போவதில் முதல் தாமதம் எங்கே நடக்கிறது என்றால், சூட்டில். இரவில் திடீரென்று நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து, முகம் என்று அனல் ஏறும். தலையணை நனையும். சில நிமிடத்தில் குளிர் எடுக்கும். நம் வீடுகளில் இதற்கு உடனே ஒரு பதில் உண்டு: "உடம்புல சூடு ஏறிருச்சு." எளநீர், ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மலாய்த் தோழி கச்சிப் ஃபாத்திமா மூலிகை வாங்கித் தருவார். கோலாலம்பூர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று நீங்களும் ஏர்கோனைக் கூட்டிவைத்துவிட்டுப் படுப்பீர்கள். எளநீரும் எண்ணெய்க் குளியலும் கெடுதல் செய்யாது. ஆனால் அவற்றை நம்பி எட்டு மாதம், ஒரு வருடம் போய்விடுகிறது. எந்த மூலிகையாலும் நின்றுபோன ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடுகொடுக்க முடியாது. அனல் ஏறுவதும் மாதவிடாய் தவறுவதும் சேர்ந்து வந்தால் அதைச் சூடு என்று ஒதுக்காதீர்கள். அனலே ஏறாமல் மாதவிடாய் மட்டும் நின்றுபோகிறவர்களும் உண்டு. தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வருவது, மறதி, மூட்டு வலி, உறவின்போது வறட்சியும் வலியும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று மட்டும் காட்டிக்கொடுக்கும் உடம்புகளும் உண்டு.

உள்ளே நடப்பது இது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரண்டு சினைப்பைகளிலும் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். புதிதாக எதுவும் பிற்பாடு சேர்வதில்லை, குறைந்துகொண்டே போகும். மலேசியப் பெண்களுக்குச் சராசரியாக 50, 51 வயதில் கையிருப்பு தீர்ந்து மாதவிடாய் நிற்கிறது. இந்தியாவில் அந்தச் சராசரி 46, 47 என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 40-க்கும் 45-க்கும் இடையில் நின்றால் அது சீக்கிரமான நிறுத்தம். 40-க்கு முன்பே சினைப்பைகள் வேலையைக் குறைத்துக்கொண்டால் அதுதான் நாம் பேசும் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு. நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்று நீண்ட நாள் சொல்லிவந்தார்கள். 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய மருத்துவ அமைப்புகளும் உலக மாதவிடாய் நிறுத்தச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி அதை 3.5 விழுக்காடு என்று திருத்தியது. அப்படிப் பார்த்தால் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் பெண்களில் இரண்டு மூன்று பேருக்காவது இது இருக்கலாம். யாரும் பேசாததால்தான் தனக்கு மட்டுமே வந்தது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

ஆனால் மாதவிடாய் தவறியதுமே இதுதான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தவறுவதற்கு வேறு பல காரணங்கள் இருக்கின்றன. முதலில் கர்ப்பம். பிறகு நம் பெண்களிடம் அதிகம் காணப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் ஏறியிருப்பது, திடீரென்று எடை இறங்குவது, கடும் மன அழுத்தம். குமட்டலுக்கும் மனநலத்துக்கும் தரும் சில மாத்திரைகள்கூடப் புரோலாக்டினை ஏற்றிவிடும். இவற்றைப் பிரித்துக் காட்ட இரத்தப் பரிசோதனையால்தான் முடியும். தோழியின் கதையை வைத்து உங்கள் உடம்பை முடிவுசெய்யாதீர்கள்.

இன்னொரு தாமதம், மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையால் வருவது. பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று நோரெதிஸ்டிரோன் மாத்திரை கொடுப்பார்கள். நிறுத்தியதும் சிலருக்கு இரத்தம் வரும். "வந்துருச்சு, பிரச்சினை இல்ல" என்று நிம்மதியாகிவிடுவார்கள். அது மாத்திரையை நிறுத்தியதால் வந்த இரத்தப்போக்கு. சினைப்பை வேலை செய்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. ஒரு முறை கொடுப்பதில் தவறில்லை. அடுத்த முறையும் அதே மாத்திரைதான் என்றால், "டாக்டர், இரத்தம் சோதிச்சுப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே குழப்பம் வரும். மாத்திரை மாதாமாதம் இரத்தம் வரவைக்கும், உள்ளே சினைப்பை ஓய்ந்திருப்பது வெளியே தெரியாது. அந்த மாத்திரை ஹார்மோன் அளவுகளையும் மறைத்துவிடும். ஆகவே சோதனைக்கு முன் என்னென்ன சாப்பிடுகிறீர்கள், கருத்தடை ஊசி போட்டீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்து சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரை வெளியே காத்திருக்கச் சொல்லும்படி தாதியிடம் மெதுவாகக் கேளுங்கள். அவர்களுக்கு இது பழக்கப்பட்ட வேண்டுகோள்தான்.

எங்கே போவது? தனியார் நிபுணரிடம்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. செந்தூல்காரர்களுக்கு அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் அருகிலேயே இருக்கிறது. மைகார்டு காட்டினால் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். அங்கே உள்ள மருத்துவரிடம் மாதக் கணக்கைச் சொல்லி, நிபுணரிடம் போக சுராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம், கேளுங்கள். மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவுக்குக் கோலாலம்பூர் பொது மருத்துவமனை வளாகத்தை ஒட்டிய துங்கு அசிசா மருத்துவமனை இருக்கிறது. செந்தூல் எல்.ஆர்.டி.யில் ஏறினால் அடுத்த நிலையமே தித்திவங்சா, அங்கே எம்.ஆர்.டி.க்கு மாறினால் மருத்துவமனைப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. சுகாதார அமைச்சு மருத்துவமனைகளின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஐந்து ரிங்கிட்தான். காத்திருக்கும் நாள் நீளமாக இருக்கலாம். அதனால்தான் நான்கு மாதம் தவறும்வரை பொறுத்துக்கொண்டிராமல், மூன்றாவது மாதமே கடிதம் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

போகும்போது ஒரு தாள் எடுத்துப்போங்கள். கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன் எத்தனை நாள் இடைவெளி, அனல் ஏறுகிறதா, எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள், வயிற்றில் என்னென்ன அறுவைச் சிகிச்சை நடந்தது. முக்கியமாக, உங்கள் அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் எத்தனை வயதில் நின்றது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் கடினம். ரயில்வே குவார்ட்டர்சிலும் தோட்டத்திலும் ஆறேழு பிள்ளை பெற்ற நம் பாட்டிமார்களுக்கு முப்பத்தெட்டில் நின்றாலும் அது ஒரு விடுதலையாகவே இருந்தது, யாரும் வயதைக் குறித்துவைக்கவில்லை. "கடைசித் தம்பி பிறந்து எத்தனை வருஷத்துல நின்னுச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் கணக்கு வரும்.

இரத்தத்தில் முதலில் பார்ப்பது எஃப்.எஸ்.எச். மூளையில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சினைப்பையைப் பார்த்து "வேலை செய்" என்று அனுப்பும் ஹார்மோன் அது. சினைப்பை பதில் தராவிட்டால் மூளை இன்னும் உரக்கக் கூப்பிடும், அளவு ஏறும். குறைந்தது நான்கு மாதம் மாதவிடாய் நின்றோ தாறுமாறாகியோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ளலாம். முன்பெல்லாம் நான்கு வாரம் கழித்து இரண்டாவது முறை கட்டாயம் எடுப்பார்கள். 2024 வழிகாட்டிக்குப் பிறகு, சந்தேகம் இருந்தால் மட்டும் திரும்ப எடுத்தால் போதும். உங்கள் மருத்துவர் இரண்டு முறை எடுத்தாலும் கவலைப்படாதீர்கள், அது கவனத்தால்தான். ஏ.எம்.எச். என்றொரு சோதனையை இப்போது தனியார் மையங்களில் தொகுப்பாக விற்கிறார்கள். முட்டைக் கையிருப்பைப் பற்றி அது ஒரு மதிப்பீடு தரும். அது குறைவு என்ற ஒரே காரணத்தால் மாதவிடாய் நின்றுவிடும் என்று பயந்துபோகாதீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அந்த எண் மட்டும் நோயைச் சொல்லாது.

உறுதியானபின், ஏன் என்று தேடுவார்கள். குரோமோசோம் சோதனை, தைராய்டு, அட்ரீனல் சுரப்பிக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள்கள், ஃப்ராஜைல் எக்ஸ் மரபணு. குரோமோசோம் சோதனையில், பிறவியிலேயே எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாத அல்லது குறைபட்ட டர்னர் நோய்க்குறி தெரியவரலாம். பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராத மகள் வீட்டில் இருந்தால், "எல்லாருக்கும் ஒரே நேரத்துல வருமா" என்று காத்திருக்காமல் அவளையும் கூட்டிப்போக இதுதான் காரணம். ஃப்ராஜைல் எக்ஸ் மரபணுவில் சிறு மாற்றம் சுமக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு முன்கூட்டியே நின்றுபோகிறது. அந்த மாற்றம் பெரிதாகி அடுத்த தலைமுறை ஆண் பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவாக வெளிப்படக்கூடும் என்பதால், அந்த முடிவு வந்தால் உங்கள் அக்கா தங்கைகளுக்கும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுத்த கீமோவும் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் சினைப்பையைத் தாக்கும். லூப்பஸ் நோய் சிறுநீரகத்தைத் தொட்டவர்களுக்குக் கொடுக்கும் சைக்லோபாஸ்பமைடும் அப்படியே. சாக்லேட் கட்டி என்று சினைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும் கையிருப்பு குறையும். கீமோ தொடங்கும் முன் முட்டையை உறைய வைக்கலாமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லாமல் போகலாம்.

பெரும்பாலானவர்களுக்குக் காரணமே கிடைக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனையும் சரியாக வந்துவிட்டால் வீட்டில் தேடல் வேறு திசையில் போகும்: யார் கண் பட்டது, எந்த நேர்த்தி முடிக்கவில்லை, பூப்பெய்திய காலத்தில் என்ன சாப்பிட்டாய். கோயிலுக்குப் போவது மனதுக்கு நல்லது, போய் வாருங்கள். ஆனால் நீங்கள் செய்த எதுவும் இதைக் கொண்டுவரவில்லை. விதிவிலக்காகச் சொல்லக்கூடியது புகை மட்டும், அது மாதவிடாய் நிற்கும் வயதை ஒன்றிரண்டு வருடம் முன்தள்ளும்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். பலர் இந்த நோயோடு முதலில் போவது குழந்தையின்மைக் கிளினிக்குக்கு. சோதனை முடிவு வருகிறது, "உங்க முட்டைல கஷ்டம்" என்று கேட்கிறார்கள், அழுகிறார்கள், வெளியே வருகிறார்கள். அதோடு முடிந்தது. பிள்ளைக்கு வழியில்லை என்று சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பு அன்று முதல் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழத் தொடங்குகிறது. முப்பத்து நாலிலிருந்து ஐம்பது வரை பதினாறு வருடம். அந்தக் காலத்தில் எலும்பு அடர்த்தி கரைகிறது. வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு முறிவது எழுபது வயதுக்காரருக்கு மட்டும் நடப்பதில்லை. இரத்தக் குழாய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தந்துவந்த பாதுகாப்பு போகிறது, மாரடைப்பு அபாயம் ஏறுகிறது. நம் இனத்துக்கு இது இரட்டைச் சுமை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31 விழுக்காடு. நீரிழிவும் கொழுப்பும் ஏற்கெனவே வாசலில் நிற்கும் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு, ஈஸ்ட்ரோஜனும் முப்பதுகளிலேயே போய்விட்டால் அவர் இதயத்தை யார் கவனிப்பது? குழந்தைக்காக ஆயிரம் ஆயிரமாகச் செலவழிக்கத் தயாராக இருந்த குடும்பம், அவருடைய உடம்புக்கு மாதம் ஒரு முறை மருந்து வாங்கவும் நினைவு வைத்திருக்க வேண்டும். இதைக் கணவரிடமும் அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

தீர்வு ஹார்மோன் ஈடுசெய்யும் சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன், கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதன் உட்சவ்வைப் பாதுகாக்கப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்து. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். மாத்திரையாக, தோலில் ஒட்டும் பட்டையாக, தடவும் ஜெல்லாக வரும். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அனல் தணியத் தரும் அளவைவிட இளம் பெண்ணுக்குப் பொதுவாகக் கூடுதலாகவே தேவைப்படும், ஏனெனில் இங்கே நோக்கம் அந்த வயதில் உடம்பு தானே சுரந்திருக்கும் அளவை நெருங்குவது. இயல்பாக நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய ஐம்பதுவரை, தொடர வேண்டும். மலேசியச் சுகாதார அமைச்சு 2022-இல் மாதவிடாய் நிறுத்தத்துக்குத் தனி வழிகாட்டியே வெளியிட்டிருப்பதால், அரசாங்க மருத்துவமனையில் இதைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேட்டதும் வரும் பயம் தெரியும். "ஹார்மோன் சாப்பிட்டா மார்புப் புற்றுநோய் வருமாமே?" அந்தப் பயத்தின் வேர் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதில் கலந்துகொண்ட பெண்களின் வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. இயற்கையாக நின்று பல வருடம் ஆனவர்களுக்குப் புதிதாக ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்து நாலு வயதில், உடம்பில் இருக்க வேண்டியதே இல்லாமல் போனவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் கூடுதலாக எதையும் எடுக்கவில்லை, விடுபட்டதைத்தான் திரும்பப் பெறுகிறார். இந்த வயதில் இப்படி எடுப்பது அதே வயதுப் பெண்களுக்கு இயல்பாக உள்ளதைவிட மார்புப் புற்றுநோய் அபாயத்தை ஏற்றுவதாகக் காட்டப்படவில்லை. அதனால் சும்மா இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சும்மா இருப்பதற்கும் விலை உண்டு, அதை எலும்பும் இதயமும் கொடுக்கும்.

எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இது தர மாட்டார்கள், அவர்களுக்கு எலும்பைக் காக்கவும் அனலைத் தணிக்கவும் வேறு வழிகள் உண்டு. இரத்தம் உறையும் நோய் இருந்தவர்கள், ஒற்றைத் தலைவலி கடுமையாக வருபவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், மாத்திரைக்குப் பதில் தோல் வழியே செல்லும் பட்டையோ ஜெல்லோ யோசிப்பார்கள். நம் வெப்பத்தில் வியர்த்துப் பட்டை கழன்று விழுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், வடிவம் மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று மாதம் மார்பு கனப்பது, தலைவலி, சிறு இரத்தக்கறை வரலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். வறட்சிக்கு மட்டும் தனியாகத் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். உறவில் வலி என்றால் அது உங்கள் மனம் மாறிவிட்டதால் அல்ல, சவ்வு மெலிந்துவிட்டதால் வருவது. இதைக் கணவருக்கு மருத்துவரே சொன்னால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

மருந்தோடு சேர்த்து எலும்புக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எலும்போடு சாப்பிடும் நெத்திலி, தயிர், கேழ்வரகு, பால், கீரை எல்லாம் உதவும். வெயில் நாட்டில் இருந்தும் ஆபிசுக்கும் காருக்கும் வீட்டுக்குமாகவே நடக்கும் நம் பெண்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் ஒன்றை ஆரம்பத்திலேயே எடுத்துவைத்தால் பிற்பாடு ஒப்பிட அடிப்படை கிடைக்கும். நடை நல்லது, படி ஏறுவதும் எடை தூக்கும் பயிற்சியும் இன்னும் நல்லது.

இப்போது குழந்தை. இந்த நோய் உள்ள பெண்ணின் சினைப்பை சில நேரம் மீண்டும் விழித்துக்கொள்ளும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இயற்கையாகவே கரு தரிக்கிறது. அது நம்பிக்கைக்கு இடம் தருகிறது, கணக்குப் போட இடம் தரவில்லை. பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு அதே எண் எச்சரிக்கை: ஹார்மோன் ஈடுசெய்யும் மருந்து கருத்தடை ஆகாது. கருத்தடையும் வேண்டும் என்றால் கருத்தடை மாத்திரை வடிவிலேயே ஈஸ்ட்ரோஜன் பெறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அதிகப் பலன் தருவது தானமாகப் பெற்ற முட்டையோடு செயற்கைக் கருத்தரிப்பு. வெற்றி வாய்ப்பு பெறுகிறவரின் வயதைவிட, கொடுப்பவரின் வயதையே அதிகம் சார்ந்திருக்கும். இஸ்லாமியர்களுக்கு சமய வழிகாட்டுதல்படி தானமுட்டைக்கு இடமில்லை. சென்னைக்குப் போகிறவர்கள் இந்தியாவின் 2021 சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். டர்னர் நோய்க்குறி உள்ளவர்கள் கருத்தரிக்கும் முன் இதயத்தையும் மகாதமனியையும் கட்டாயம் சோதித்தாக வேண்டும், அவர்களுக்குக் கர்ப்பம் உயிரையே பதம் பார்க்கலாம். செலவுக்கு இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது. வருமான வரிக் கணக்கிலும் இந்தச் செலவுக்கு மருத்துவக் கழிவு உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மலிவாக ஆலோசனை பெற, தேசிய மக்கள்தொகை மற்றும் குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். கிளினிக்குகளையும் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சினைப்பையில் ஊசியாகச் செலுத்தி அதை "இளமையாக்குகிறோம்" என்றும், ஸ்டெம் செல்லால் முட்டையை உண்டாக்குகிறோம் என்றும் விளம்பரங்கள் வருகின்றன. பலன் தரும் என்று நிரூபிக்கப்படாத இந்த ஊசிகளுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

தத்தெடுப்பை நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே சட்டப்படி செய்யுங்கள். இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுக்கு முன் குழந்தை குறைந்தது மூன்று மாதம் உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். தெரிந்தவர் மூலம் கைமாறி வந்த குழந்தைகளில் பல, பள்ளியில் சேரும்போது பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும் இல்லாமல் தவிக்கின்றன. பாசம் வைத்தபின் அந்தச் சிக்கல் வராமல், முதலிலேயே சமூகநல இலாகாவில் கேட்டுவிடுங்கள்.

கல்யாணமாகாத மகள் உள்ள தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மறைத்துவைத்துக் கல்யாணம் செய்வது மகளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். இரண்டே வருடத்தில் "ஏன் இன்னும் இல்ல" என்ற கேள்வி வரும்போது, பொய்யின் பாரம் முழுவதும் அவள் தலையில்தான் இறங்கும். எப்போது, எந்த வார்த்தையில், யாரிடம் சொல்வது என்பதை மகளே தீர்மானிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் சொல்லவும் வேண்டாம், அவள் சொல்ல நினைப்பதைத் தடுக்கவும் வேண்டாம். அதுவரை மாதாமாதம் மருந்து வாங்கிக் கொடுப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

துக்கம் வரும். பூப்புக்கு மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டும் நாம், அது நின்றுபோவதைப் பற்றிப் பேச ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை. அந்தப் பேச்சில்லாத வீட்டில் முப்பத்து நாலு வயதுப் பெண் தனியாக அழுகிறார். தோழியின் வளைகாப்புக்குப் போக முடியவில்லை என்றால் போகாதீர்கள். மொய்ப்பணம் அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழுகை நாள்கணக்கில் நிற்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், அதை ஹார்மோன் சரியானால் போய்விடும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இங்கே இருக்கிறது. கணவர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் "என்ன விசேஷம்?" என்று கேட்கும்போது, பதிலை மனைவியிடம் விடாமல் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

மருந்து தொடங்கியபின் வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். காரணமில்லாமல் எடை குறைந்து, தோல் கறுத்து, எழுந்து நின்றால் மயக்கம் வந்து, உப்பு மேல் ஆசை கூடினால் அட்ரீனல் சுரப்பியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்று வருடாந்திரச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. ஐம்பது நெருங்கும்போது மருந்தை நிறுத்துவதா, குறைத்துத் தொடர்வதா என்பதை அவர்களோடு பேசி முடிவுசெய்யுங்கள். அதற்கு முன் ஒரு மாத்திரை அட்டை தீர்ந்து அடுத்தது வாங்கவில்லை என்ற சாதாரணக் காரணத்துக்காக நிற்கக் கூடாது. அடுத்த தேதியை எழுதிக்கொள்ளாமல் மருந்தகத்தை விட்டு வராதீர்கள்.